300 இடத்துல அப்ளை பண்ணியும் கால் வரலைன்னா, எங்க மாத்தணும்?

நீங்க கேட்டது இதுதான்: ஆறு மாசமா தினமும் ராத்திரி உக்காந்து லிங்க்டின்லயும் ஜாப் போர்ட்லயும் கண்ணுல படுற எல்லாத்துக்கும் அப்ளை பண்றீங்க, 300 தாண்டிருச்சு, வந்தது ரெண்டே ரெண்டு கால், அதுல ஒண்ணு பணம் பறிக்கிற கும்பல். மத்தவங்க எல்லாம் லிங்க்டின் மூலமா வேலை கிடைச்சுச்சுன்னு போஸ்ட் போடும்போது எனக்கு மட்டும் ஏன் நடக்கலன்னு கேட்டிருக்கீங்க.

நான் பல வருஷம் ஆள் எடுக்குற பக்கம் உக்காந்தவன். ரெஸ்யூம் குவியலைப் பிரிச்சுப் பாத்திருக்கேன், இன்டர்வியூ எடுத்திருக்கேன், நடுவுல நானே வேலை இல்லாம எட்டு மாசம் இருந்திருக்கேன். அதனால ரெண்டு பக்கமும் தெரிஞ்சு சொல்றேன், உங்ககிட்ட திறமை இல்லங்கறது இதுல இருந்து நிரூபணம் ஆகல. நீங்க உழைக்கிற இடம்தான் தப்பு. 300 அப்ளிகேஷனுக்குப் போட்ட நேரத்துல பாதியை 30 மனுஷங்களுக்குப் போட்டிருந்தா கதை வேற மாதிரி போயிருக்கும்னு நான் நம்புறேன், ஏன்னு சொல்றேன்.

மொதல்ல அந்தப் பக்கம் என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்கங்க. ஒரு டீம்ல ஆள் தேவைன்னு முடிவாகுற அன்னிக்கே அது வெளியில விளம்பரமா வர்றது இல்ல. உள்ளயே யாராச்சும் டீம் மாறி வர்றாங்களான்னு பாப்பாங்க. அப்புறம் மேனேஜர் தன் ஆளுங்ககிட்ட "உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா"ன்னு கேப்பார். பல கம்பெனில ரெஃப்ரல் கொடுத்தா, அதாவது தெரிஞ்ச ஆளை சிபாரிசு பண்ணா, கொடுத்தவங்களுக்கு போனஸ் உண்டு, அதனால அவங்களும் யோசிச்சுப் பாப்பாங்க. முன்னாடி இன்டர்வியூ வரைக்கும் வந்து கடைசில நழுவிப் போன நல்ல ஆளுங்களோட லிஸ்ட் ஹெச்ஆர்கிட்ட இருக்கும், அவங்களுக்கு ஒரு கால் போகும். இவ்வளவும் ஆன பிறகோ, இல்ல இது ஒரு பக்கம் ஓடிட்டிருக்கும்போதோதான் அந்த விளம்பரம் உங்க ஸ்க்ரீனுக்கு வருது. நீங்க அப்ளை பட்டனை அமுக்குற நேரத்துல அந்த மேனேஜர் மேசைல ஏற்கனவே நாலு பேர் பேர் இருக்கலாம். விளம்பரம் எல்லாம் பொய்னு நான் சொல்லல, அதுல போய் வேலை வாங்குறவங்களும் நிறைய இருக்காங்க. ஆனா அது கும்பல்ல கோவிந்தா போடுற வழி, உங்க குரல் தனியா கேக்கவே கேக்காது.

இந்த இடத்துலதான் சோஷியல் மீடியாவோட உண்மையான பலன் இருக்கு. அது அப்ளை பண்ற கவுன்டர் இல்லைங்க. உங்களை அரைகுறையா தெரிஞ்ச ஆளுங்க, உங்களுக்கு என்ன வேலை நல்லா வரும்னு முழுசா தெரிஞ்சுக்குற இடம் அது. "தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா"ன்னு அந்த மேனேஜர் கேக்குற நிமிஷத்துல யாரோ ஒருத்தர் மனசுல உங்க பேர் வரணும். நான் இங்க சொல்லப் போறது எல்லாமே அந்த ஒரு நிமிஷத்துக்கான வேலைதான்.

அரைகுறையா தெரிஞ்சவங்கன்னு ஏன் சொல்றேன்னா, அதுக்கு ஒரு பெரிய ஆராய்ச்சியே இருக்கு. மார்க் கிரானோவெட்டர்னு ஒரு அமெரிக்க சமூகவியலாளர், 1973ல ஒரு கட்டுரை எழுதினார். பாஸ்டன் பக்கத்துல சமீபத்துல வேலை மாறினவங்களைப் பிடிச்சு, தெரிஞ்சவங்க மூலமா வேலை கிடைச்சவங்ககிட்ட, அந்த ஆளை நீங்க எவ்வளவு அடிக்கடி பாப்பீங்கன்னு கேட்டார். வாரத்துக்கு ரெண்டு தடவையாவது பாக்குறவங்க மூலமா கிடைச்சது 100க்கு கிட்டத்தட்ட 17 பேருக்குத்தான். எப்பவாவது பாக்குறவங்க மூலமா கிட்டத்தட்ட 56 பேருக்கு, வருஷத்துக்கு ஒரு தடவையோ அதுவும் இல்லாமலோ பாக்குறவங்க மூலமா 28 பேருக்கு. யோசிச்சா நியாயம்தான், உங்க நெருங்கின கூட்டாளிக்குத் தெரிஞ்ச வேலை காலியிடம் உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும், ஒரே வட்டத்துலதானே சுத்துறீங்க. மூணு வருஷம் முன்னாடி கூட வேலை பாத்துட்டு வேற கம்பெனிக்குப் போனவர் வேற ஒரு உலகத்துல இருக்கார், அவர் காதுக்கு வர்ற சேதி உங்க காதுக்கு வர வழியே இல்ல.

அது அந்தக் காலம், இப்ப செல்லுமான்னு கேப்பீங்க. 2022ல சயின்ஸ் பத்திரிகைல இதையே லிங்க்டின்ல சோதிச்ச ஒரு ஆய்வு வந்துச்சு, 5 வருஷ காலத்துல 2 கோடி பேருக்கு "உங்களுக்குத் தெரிஞ்சிருக்கலாம்"னு காட்டுற ஆளுங்களை மாத்தி மாத்திக் காட்டி, யாருக்கு வேலை மாற்றம் நடந்துச்சுன்னு பாத்தாங்க. ரொம்ப நெருங்கின தொடர்பை விட ஓரளவு மேலோட்டமான தொடர்புதான் வேலைக்கு அதிகமா உதவுச்சு. அதுக்காக ஒட்டே இல்லாத அந்நியர்னாலும் சரிவரல, நடுவுல சில பேர் பொதுவா தெரிஞ்சிருக்கணும், அந்த மாதிரி ஆளுங்கதான் சரியா வந்தாங்க. இதுல எனக்குப் பிடிச்ச இன்னொரு விஷயம், கம்ப்யூட்டர் அதிகமா புழங்குற துறைகள்லதான் இந்த மேலோட்டமான தொடர்புக்குப் பலம் ஜாஸ்தி, அது கம்மியா இருக்குற துறைகள்ல நெருங்கினவங்கதான் அதிகம் உதவுறாங்க. அதனால நீங்க என்ன துறைங்கறதையும் வெச்சு யோசிக்கணும்.

சரி, இப்ப செய்ய வேண்டியது. ஒரு பேப்பர் எடுத்து உங்க பழைய வேலைகள்ல, படிச்ச இடத்துல, ட்ரெய்னிங்ல, ப்ராஜெக்ட்ல சந்திச்சவங்க பேரை எழுதுங்க. சீனியர், ஜூனியர், கிளையன்ட் பக்கம் பேசினவர், உங்களுக்குப் பொருள் சப்ளை பண்ண கம்பெனி ஆள், வேலையை விட்டுப் போன பழைய மேனேஜர், எல்லாம். 40 பேர் ஈஸியா வருவாங்க. இவங்க ஒவ்வொருத்தரும் இப்ப எங்க இருக்காங்கன்னு லிங்க்டின்ல தேடுங்க. லிங்க்டின் வந்தது 2003ல, அதுக்கு முன்னாடி இந்த மாதிரி ஒரு ஆளை 10 வருஷம் கழிச்சு கண்டுபிடிக்கறதுக்கு எவ்வளவு அலையணும் தெரியுமா, இன்னிக்கு ஒரு ராத்திரில 40 பேரையும் கண்டுபிடிச்சிடலாம். இந்த வசதியைத்தான் நாம உபயோகமே பண்ணாம, அதே சைட்ல போய் வரிசைல நின்னு அப்ளை பண்ணிட்டு வர்றோம்.

அடுத்து மெசேஜ். இதுலதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். எனக்கு வர்ற மெசேஜ்ல முக்கால்வாசி மொட்டையா ஒரு "ஹாய் சார்", அதோட நிக்கும். நான் ஹாய் சொன்னா "எப்படி இருக்கீங்க", அதுக்கு பதில் போட்டா மூணு நாள் கழிச்சு ரெஸ்யூம், "உங்க கம்பெனில ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க". இதைப் படிக்கிற ஆளுக்கு என்ன வேலை இருக்குன்னு பாருங்க. அவரே உங்க ரெஸ்யூமைத் திறந்து, உங்களுக்கு என்ன தெரியும்னு கண்டுபிடிச்சு, தன் கம்பெனி சைட்ல போய் எந்த வேலை பொருந்தும்னு தேடி, யார்கிட்ட கொடுக்கணும்னு விசாரிக்கணும். நல்ல மனசு இருந்தாலும் நாளைக்குப் பாக்கலாம்னு வெச்சிடுவார், அந்த நாளை வராது. அவர் உதாசீனம் பண்ணலைங்க, நாமதான் அவர் தலைல பெரிய சுமையை வெச்சிட்டோம்.

அதுக்கு பதிலா இப்படி எழுதிப் பாருங்க: "வணக்கம் சார், நாம ரெண்டு பேரும் அந்த வேர்ஹவுஸ் ப்ராஜெக்ட்ல ஒரு வருஷம் சேந்து வேலை பாத்தோம், ஸ்டாக் ரிப்போர்ட் பக்கம் நான் இருந்தேன். இப்ப சப்ளை செயின் பிளானிங் பக்கம் மாறலாம்னு இருக்கேன், நீங்க அதே துறைல இருக்கறதைப் பாத்தேன். உங்க டீம்ல ஆள் எடுக்கும்போது முக்கியமா என்ன தெரிஞ்சிருக்கணும்னு பாக்குறாங்க, எதை நான் இன்னும் கத்துக்கணும்? 10 நிமிஷம் பேச முடிஞ்சா நல்லா இருக்கும், முடியலைன்னா ரெண்டு வரி பதில் போட்டாலும் போதும்." இதுல என்ன இருக்கு பாருங்க. யாருன்னு ஞாபகப்படுத்திட்டீங்க, என்ன வேணும்னு தெளிவா சொல்லிட்டீங்க, பதில் சொல்றதும் சுலபம், மாட்டேன்னு சொல்லவும் வழி விட்டிருக்கீங்க. முக்கியமா, வேலை கேக்கல, விஷயம் கேட்டிருக்கீங்க. வேலை கொடுக்குற அதிகாரம் அவர்கிட்ட இருக்காது, ஆனா விஷயம் சொல்றதுக்கு யார் அனுமதியும் வேண்டாம். தன் வேலையைப் பத்தி ஒருத்தர் அக்கறையா கேட்டா முக்கால்வாசி பேர் சந்தோஷமா பேசுவாங்க. பேசி முடிக்கும்போது "இதைப் பத்தி நான் வேற யார்கிட்ட பேசினா நல்லா இருக்கும்"னு ஒரு கேள்வி மட்டும் மறக்காம கேளுங்க, அந்த ஒரு கேள்வில இருந்துதான் எனக்கு அந்த எட்டு மாசத்துக்கு அப்புறம் வேலை கிடைச்சுச்சு. நான் பேசின ஆளுக்கும் எனக்கு வேலை கொடுத்தவருக்கும் நடுவுல ரெண்டு பேர் இருந்தாங்க, அவங்களை நான் அதுக்கு முன்னாடி பாத்ததே இல்ல.

அதே சமயம் வேலை தேடுறோம்ங்கறதை மறைக்காதீங்க. அழுத பிள்ளைக்குத்தான் பால். லே ஆஃப் ஆச்சுன்னா அதை வெளில சொல்ல கூச்சப்படுறவங்க நிறைய, நானும் மூணு மாசம் யார்கிட்டயும் சொல்லாம இருந்தேன், அந்த மூணு மாசம்தான் முழுசா வீணாப் போனது. லிங்க்டின்ல "ஓப்பன் டு வொர்க்" ரெண்டு விதமா வெக்கலாம், ரெக்ரூட்டருங்களுக்கு, அதாவது கம்பெனிக்கு ஆள் தேடுறவங்களுக்கு மட்டும் தெரியற மாதிரி ஒண்ணு, போட்டோவைச் சுத்தி பச்சை வளையத்தோட எல்லாருக்கும் தெரியற மாதிரி ஒண்ணு. வேலைல இருந்துகிட்டே தேடுறவங்க முதலாவதை எடுத்துக்கங்க. உங்க கம்பெனி ரெக்ரூட்டர் கண்ணுல படாம இருக்க லிங்க்டின் முயற்சி பண்ணும், ஆனா கண்டிப்பா தெரியாதுன்னு அவங்களே உத்தரவாதம் தர்றது இல்ல, அதை மனசுல வெச்சுக்கங்க. பச்சை வளையம் வெச்சா மதிப்பு குறையும்னு சில பேர் சொல்றாங்க. நான் ஆள் எடுத்த வரைக்கும் அதைப் பாத்து யாரையும் தள்ளினது இல்ல, உடனே சேரக்கூடிய ஆள்னு தெரிஞ்சா வேலைதான் சுலபமாச்சு. வேலை இல்லாம இருக்குறீங்கன்னா தாராளமா வெச்சுக்கங்க.

ப்ரொஃபைலைப் பத்தி. ரெக்ரூட்டர் உங்களை எப்படிக் கண்டுபிடிக்கிறார்? சர்ச்ல டைப் பண்ணித்தான். அவர் டைப் பண்றது பதவிப் பேர், சாஃப்ட்வேர் பேர், துறைப் பேர், ஊர். "கடின உழைப்பாளி"ன்னோ "கனவுகளைத் துரத்துபவன்"னோ யாரும் டைப் பண்ணித் தேடுறது இல்ல. லிங்க்டின் ஹெட்லைன்ல, அதான் உங்க பேருக்குக் கீழ வர்ற வரில, 220 எழுத்து வரைக்கும் எழுதலாம், அந்த இடத்துல பலர் "புதிய வாய்ப்பு தேடுகிறேன்"னு மட்டும் போட்டு வெச்சிருக்காங்க. நீங்க என்ன வேலை பாக்குறீங்க, எந்த மாதிரி கம்பெனிக்கு, எந்தக் கருவியை வெச்சு, அது போதும். உங்களுக்குப் பொருத்தமான வேலை விளம்பரம் ஒரு 15 எடுத்து வெச்சுக்கிட்டு, அதுல திரும்பத் திரும்ப வர்ற வார்த்தைகளை அடிக்கோடு போடுங்க, அதுல உங்களுக்கு நிஜமாவே தெரிஞ்சதை மட்டும் அதே வார்த்தைல ப்ரொஃபைல்ல எழுதுங்க. நீங்க "கணக்கு ஒத்துப் பாக்குறது"ன்னு எழுதியிருக்கீங்க, அவங்க "ரீகன்சிலியேஷன்"னு தேடுறாங்கன்னா ரெண்டு பேரும் சந்திக்கவே மாட்டீங்க.

போஸ்ட் போடுறது பத்தி ஒரு பெரிய தப்பான எண்ணம் இருக்கு, தினமும் ஏதாச்சும் எழுதணும், ஆயிரக்கணக்குல ஃபாலோயர் வேணும்னு. தேவையே இல்ல. உங்க துறைல ஆள் எடுக்குற இடத்துல இருக்குற 50 பேர் கண்ணுல பட்டா போதும். சூரிய உதயம் போட்டோவோட தத்துவம் எழுதுறதால வேலை வந்து நான் பாத்தது இல்ல. செஞ்ச வேலையைக் காட்டுறதாலதான் வரும். நான் ஒரு தடவை கணக்குப் பிரிவுக்கு ஆள் தேடிட்டிருந்தப்ப, ஒரு பொண்ணு போட்ட ஒரு சின்ன போஸ்ட் கண்ணுல பட்டுச்சு, ரெண்டு லெட்ஜர்ல வித்தியாசம் வந்தா அதை எக்செல்ல எந்த வரிசைல தேடினா சீக்கிரம் சிக்கும்னு, மொதல்ல தேதி மாறின என்ட்ரி, அப்புறம் ரெண்டு தடவை ஏறினது, அப்புறம் இலக்கம் இடம் மாறினது, வித்தியாசம் 9ஆல வகுபட்டா இலக்கம் மாறியிருக்க வாய்ப்பு இருக்குன்னு எழுதியிருந்தாங்க. அந்தப் போஸ்ட்டுக்கு லைக் ஒரு பத்துகூட இல்ல. ஆனா இந்த வேலையைக் கையால செஞ்சவங்களுக்கு மட்டும்தான் இது தெரியும்னு எனக்குப் புரிஞ்சுச்சு, அன்னிக்கே மெசேஜ் போட்டேன். அவங்க வேலையே தேடல, நாங்கதான் கூப்பிட்டோம், வந்தாங்க.

ப்ரோக்ராமர்னா கிட்ஹப், டிசைனர்னா பிஹான்ஸ், டேட்டா பக்கம்னா காகிள்னு அந்தந்தத் துறைக்கு ஒரு இடம் இருக்கு, அங்க நாலு நல்ல வேலை இருந்தா போதும், நாப்பது அரைகுறை வேண்டாம். ஒவ்வொண்ணுக்கும் பிரச்சினை என்ன, நீங்க என்ன யோசிச்சீங்க, எதை விட்டுட்டீங்கன்னு பத்து வரி எழுதி வைங்க, முடிவை விட அந்தப் பத்து வரியைத்தான் நாங்க படிப்போம். ஆபீஸ் ரகசியம், கிளையன்ட் டேட்டா, உள்ள எடுத்த ஸ்க்ரீன்ஷாட் எதையும் போடக் கூடாது. அப்படிப் போடுறவரைப் பாத்தா, நாளைக்கு எங்க விஷயத்தையும் போடுவார்னுதான் தோணும். எழுதவே வரலைங்கறவங்களுக்கு கமெண்ட் ரொம்ப நல்ல வழி. உங்க துறைல மதிக்கிற பத்து பேரை ஃபாலோ பண்ணுங்க, அவங்க எழுதுறதுல "அருமை"ன்னு போடாம, உங்க அனுபவத்துல இருந்து ரெண்டு வரி சேத்துச் சொல்லுங்க, இல்ல ஒரு நல்ல கேள்வி கேளுங்க. ஒரு ரெண்டு மாசம் இப்படிப் பண்ணிட்டு அவங்களுக்கு மெசேஜ் போட்டுப் பாருங்க, நீங்க அந்நியரா இருக்க மாட்டீங்க.

இதெல்லாம் ஆபீஸ் வேலைக்குத்தானேன்னு நினைக்க வேண்டாம். எலக்ட்ரீஷியன், தையல், கேட்டரிங், மேக்கப், போட்டோகிராபி, டிரைவிங் இதுக்கெல்லாம் லிங்க்டினை விட இன்ஸ்டாகிராமும் ஃபேஸ்புக் குரூப்பும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும்தான் வேலை கொண்டு வரும். வேலைக்கு முன்னாடி ஒரு போட்டோ, முடிஞ்ச பிறகு ஒரு போட்டோ, என்ன பண்ணீங்கன்னு ஒரு வரி. வயரிங் பண்றவர் ஒருத்தர் வீட்டுக்குள்ள கரண்ட் பிரிஞ்சு போற டிபி பாக்ஸைத் திறந்து ஒவ்வொரு வயருக்கும் பேர் ஒட்டி நேரா கட்டியிருக்கறதை போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ்ல வெப்பார், வேற எதுவும் எழுத மாட்டார். அதைப் பாத்த கான்ட்ராக்டர் ஒருத்தர் நிரந்தரமா கூடவே வெச்சுக்கிட்டார். வீட்டுக்காரங்க அனுமதி கேட்டுட்டு எடுக்கணும், வீட்டு அடையாளம் தெரியக் கூடாது, அவ்வளவுதான்.

அப்போ அப்ளை பண்றதை விட்டுடலாமான்னா, வேண்டாம், அதைக் குறைச்சு, ஒழுங்கா பண்ணுங்க. விளம்பரம் வந்த முதல் நாளோ ரெண்டாம் நாளோ போகுற அப்ளிகேஷனுக்கும் மூணு வாரம் கழிச்சுப் போறதுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு, சில சமயம் அந்த மூணு வாரத்துல ஆளே எடுத்து முடிச்சிருப்பாங்க, விளம்பரத்தை எடுக்க மறந்திருப்பாங்க. கடந்த 24 மணி நேரம்னு ஃபில்டர் போட்டு, அலர்ட் வெச்சுக்கங்க. பொருத்தமானது வந்தா லிங்க்டின்லயே அப்ளை பண்ற "ஈஸி அப்ளை" பட்டனை அமுக்குறதுக்கு முன்னாடி அந்த கம்பெனியோட சொந்த கேரியர் பக்கத்துல அது இருக்கான்னு பாத்து, இருந்தா அங்க போடுங்க, போட்டுட்டு அன்னிக்கே அந்த டீம்ல இருக்குற ஒருத்தருக்கு ஒரு சின்ன மெசேஜ், "இந்த வேலைக்கு அப்ளை பண்ணியிருக்கேன், இதே மாதிரி ஒரு வேலையை நான் இங்க பண்ணியிருக்கேன்"னு லிங்க்கோட. வாரத்துக்கு இப்படி ஒரு 5 போட்டா, நீங்க இப்ப கண்ணுல படுறதுக்கெல்லாம் போடுறதை விட நல்லா வேலை செய்யும்.

ஏடிஎஸ்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, அதுதான் என் ரெஸ்யூமை ரிஜெக்ட் பண்ணிடுதுன்னு நிறைய பேர் பயப்படுறாங்க, அந்த பயத்தை வெச்சு காசு வாங்குறவங்களும் இருக்காங்க. அது பெரும்பாலும் ரெஸ்யூமை வாங்கி அடுக்கி வெச்சு தேடிக் கொடுக்குற ஒரு அலமாரிதான். தானா தள்ளிவிடுறது முக்கியமா நீங்க ஃபார்ம்ல பதில் சொல்ற கேள்விகளை வெச்சு, வேலை செய்ய அனுமதி இருக்கா, இத்தனை வருஷ அனுபவம் இருக்கா, இந்த லைசென்ஸ் இருக்கான்னு கேட்டிருப்பாங்க இல்ல, அதுல. அதனால அந்தக் கேள்விகளை அவசரத்துல கிளிக் பண்ணிட்டுப் போகாதீங்க. மத்தபடி பக்கத்தை இடது வலதுன்னு ரெண்டா பிரிச்சு எழுதினது, டேபிளுக்குள்ள எழுதினது, படமா போட்டது இதெல்லாம் சில சமயம் அதுக்குச் சரியா படிக்க வராது, பக்கத்தைப் பிரிக்காம நேரா மேல இருந்து கீழ எழுதி பிடிஎஃப்பா வைங்க, முடிஞ்சது. மனுஷன் படிக்கறதுதான் பெரிய சவால். லேடர்ஸ்ங்கற வேலைத் தளம் 2018ல ரெக்ரூட்டருங்க கண்ணு எங்க போகுதுன்னு கருவி வெச்சுப் பாத்தப்ப, முதல் பார்வைக்கு சராசரியா 7.4 செகண்ட்தான் செலவு பண்ணாங்க. என் அனுபவமும் அதேதான். அந்த நேரத்துல கண்ணு போறது இப்போதைய பதவி, கம்பெனி, தேதி, அதுக்குக் கீழ முதல் ரெண்டு வரி. உங்க நல்ல விஷயம் ரெண்டாம் பக்கத்துல ஒளிஞ்சிருந்தா யாருக்கும் தெரியாது.

இப்ப ஏஐ வந்த பிறகு இன்னொரு மாற்றம். சாட்ஜிபிடி 2022 கடைசில வந்துச்சு, அதுக்கப்புறம் வர்ற கவர் லெட்டர் எல்லாம் ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கு, ஒரே பணிவு, ஒரே உற்சாகம், பேரை மாத்தினா யாருக்கும் பொருந்தும். எழுத்துப் பிழை திருத்த, விளம்பரத்தோட உங்க ரெஸ்யூமை ஒப்பிட்டு எது விட்டுப் போச்சுன்னு பாக்க, இன்டர்வியூ கேள்வி கேக்கச் சொல்லிப் பழக, இதுக்கெல்லாம் நல்லாவே பயன்படுத்தலாம். ஆனா மனுஷங்களுக்கு அனுப்புற மெசேஜை நீங்களே எழுதுங்க, இலக்கணம் கொஞ்சம் முன்னப் பின்ன இருந்தாலும் பரவாயில்ல. எல்லாரும் ஒரே குரல்ல பேசுற கூட்டத்துல உங்க சொந்தக் குரல்தான் தனியா தெரியும்.

உங்க பேரை நீங்களே ஒரு தடவை, லாகின் பண்ணாம, ப்ரைவேட் விண்டோல தேடிப் பாருங்க. நாங்க தேடுவோம், எல்லாரும் இல்லைன்னாலும் பல பேர் தேடுவாங்க. அரசியல் கருத்து இருக்கறது தப்பு இல்ல, ஒருத்தரை அசிங்கமா திட்டினது, பழைய மேனேஜரைப் பேர் சொல்லிக் கிழிச்சது, ஜாதி, மதம், பெண்களைப் பத்தின கேவலமான கமெண்ட், இதுதான் வேலையைக் கெடுக்கும். பத்து வருஷம் முன்னாடி சின்ன வயசுல எழுதினதா இருந்தாலும் படிக்கிறவருக்கு அது இன்னிக்கு எழுதின மாதிரிதான் தெரியும். அழிச்சிடுங்க, குடும்ப விஷயத்தை எல்லாம் ப்ரைவேட்டா மாத்திடுங்க. ரெஸ்யூம்ல இருக்குற தேதியும் லிங்க்டின்ல இருக்குற தேதியும் ஒத்துப் போகுதான்னும் பாருங்க, சின்ன விஷயம்தான், ஆனா அது மாறி இருந்தா சந்தேகம் வந்துடும்.

நீங்க மாட்டிக்கிட்ட ஏமாத்து வேலையைப் பத்தி. அதுக்காக உங்களை நீங்களே திட்டிக்காதீங்க, அவங்க இதை ஒரு தொழிலாவே பண்றவங்க, அவசரத்துல இருக்குறவங்களாப் பாத்துத்தான் வலை வீசுறாங்க. இனிமே ஒரே ஒரு கோடு கிழிச்சு வெச்சுக்கங்க, வேலை கொடுக்கறவங்க காசு கேக்க மாட்டாங்க. ரெஜிஸ்ட்ரேஷன், ட்ரெய்னிங், லேப்டாப் டெபாசிட், டாக்குமென்ட் சரிபார்ப்பு, திருப்பித் தந்துடுவோம், எந்தப் பேர்ல கேட்டாலும் அதோட பேச்சை நிறுத்திடுங்க. டெலிகிராம்லயே சாட்ல இன்டர்வியூ முடிச்சு அரை மணில ஆஃபர் லெட்டர் அனுப்புறது, வீடியோக்கு லைக் போட்டா பணம்னு ஆரம்பிச்சு முதல்ல கொஞ்சம் கொடுத்து நம்ப வெச்சு அப்புறம் பெரிய தொகையைப் போடச் சொல்றது, பெரிய கம்பெனி பேரைச் சொல்லிட்டு இலவச மெயில் ஐடில இருந்து எழுதுறது, இதெல்லாம் அடிக்கடி நடக்குது. மெயில் முகவரில கம்பெனி பேர்ல ஒரு எழுத்து மட்டும் மாறி இருக்கும், உத்துப் பாருங்க. சந்தேகம் வந்தா அவங்க கொடுத்த நம்பர்ல விசாரிக்காதீங்க, கம்பெனியோட சொந்த வெப்சைட்டைத் தனியா தேடிப் போய் அந்த வேலை அங்க இருக்கான்னு பாத்து, அங்க இருக்குற நம்பர்ல கேளுங்க. ஆஃபர் உறுதியாகறதுக்கு முன்னாடி பேங்க் விவரமும் அடையாள அட்டை காப்பியும் யாருக்கும் போகக் கூடாது. ஓடிபி எப்பவுமே கூடாது. வெளிநாட்டு வேலைன்னா இதை விட ரெண்டு மடங்கு கவனம், அங்க போய் மாட்டிக்கிட்டா திரும்பி வர்றதே பெரும்பாடு.

இன்னொண்ணும் சொல்லணும், நீங்க எழுதினதைப் படிக்கும்போது அந்த அசதி தெரிஞ்சுச்சு. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஸ்க்ரோல் பண்ணி, அடுத்தவன் வேலை கிடைச்ச போஸ்ட்டைப் பாத்து மனசு வெந்து, அப்புறம் அந்த வேகத்துல பத்து இடத்துல அப்ளை பண்றது, நானும் இருந்திருக்கேன் அந்த இடத்துல. அந்தப் போஸ்ட் போடுறவங்க அதுக்கு முன்னாடி வாங்கின ரிஜெக்‌ஷனைப் போடுறது இல்ல. நேரத்தைக் கட்டுங்க. காலைல மூளை தெளிவா இருக்கும்போது ரெண்டு மணி நேரம், அதுல மெசேஜும் அப்ளிகேஷனும், அதுக்கப்புறம் ஆப்பை மூடிட்டு ஏதாச்சும் ஒண்ணு செய்யக் கத்துக்கங்க, அந்தச் செஞ்ச வேலைதான் நாளைக்குக் காட்டறதுக்கு ஆகும். ஒரு சின்ன ஷீட்ல யாருக்கு எப்ப எழுதினேன், என்ன சொன்னாங்கன்னு குறிச்சு வைங்க. பதில் வரலைன்னா ஒரு வாரம், பத்து நாள் கழிச்சு ஒரே ஒரு தடவை ஞாபகப்படுத்துங்க, அதுக்கும் வரலைன்னா விட்டுடுங்க, நம்ம மேல கோவமா இருக்காங்கன்னு அர்த்தம் இல்ல, அவங்க வீட்ல யாருக்கு என்னவோ. 40 பேருக்கு எழுதினா 15 பேர் பதில் போட்டாலே அது நல்ல கணக்கு.

இந்த வாரத்துக்கு மட்டும் புதுசா எதுக்கும் அப்ளை பண்ணாதீங்க. ஹெட்லைனை மாத்துங்க, அந்த 40 பேர் லிஸ்ட்டை எழுதுங்க, அதுல கடைசியா பேசி ரெண்டு வருஷம் ஆன, ஆனா உங்க வேலையைக் கண்ணால பாத்த 5 பேருக்கு மொதல்ல எழுதுங்க. யார் ரெண்டு நிமிஷம் ஒதுக்கிப் பேசினாலும், அவங்க சொன்ன யோசனைல நீங்க என்ன பண்ணீங்கன்னு ரெண்டு வாரம் கழிச்சு ஒரு வரி திருப்பி எழுதுங்க, "நீங்க சொன்ன அந்த கோர்ஸைப் பாதி முடிச்சுட்டேன் சார்"னு. எனக்கு உதவி கேட்டு எழுதினவங்க நூத்துக்கணக்குல இருப்பாங்க, அப்படித் திருப்பி எழுதினவங்க ஏழு எட்டு பேர்தான், அவங்க பேர் எல்லாம் எனக்கு இன்னிக்கும் ஞாபகம் இருக்கு, அதுல மூணு பேருக்கு நானே கூப்பிட்டு வேலை சொல்லியிருக்கேன்.